கோர்டீலியாவின் பக்கம்

ரெபெக்கா வெஸ்ட் 1956இல் வெளியிட்ட ‘தி ஃபவுண்டன் ஓவர்ஃப்ளோஸ்’ நாவலைக் குன்னூரில் நாங்கள் சிலர் கூடி வாசிக்கத் தொடங்கினோம். முதல் அத்தியாயம் முடிவதற்குள்ளேயே ஒரு கேள்வி வந்துவிட்டது: இவர்களை எப்படி ஏழைகள் என்று சொல்வது? வீட்டில் பியானோ இருக்கிறது. கேட் என்று ஒரு வேலைக்காரப் பெண் இருக்கிறாள். சுவரில் ஓவியங்கள் மாட்டியிருக்கின்றன. குதிரைக் கொட்டில்கூட உண்டு, குதிரைதான் இல்லை. எஸ்டேட் லயத்தில் ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே வளர்ந்த கதைகள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த நாவலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசலும் இல்லை.

கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லவ்குரோவ் என்ற லண்டன் புறநகரில் நடக்கிறது. ஆப்ரி குடும்பத்தின் தலைவர் பியர்ஸ் பத்திரிகையாளர். எழுத்திலும் பேச்சிலும் எதிராளியை வாயடைக்க வைப்பவர், பார்க்கவும் அழகர், பங்குச் சந்தையில் பணத்தை விட்டுக்கொண்டே இருப்பவர். தாய் கிளேர் ஒரு காலத்தில் மேடையேறிய பியானோ கலைஞர். கோர்டீலியா, மேரி, ரோஸ் என்று மூன்று பெண்கள். கடைக்குட்டி ரிச்சர்ட் க்வின். கதை சொல்பவள் ரோஸ். பல வருஷங்களுக்குப் பிறகு பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள். தாயின் இசை மேரிக்கும் ரோஸுக்கும் அப்படியே வந்திருக்கிறது. மூத்தவள் கோர்டீலியாவுக்கு வரவில்லை. ஆனாலும் அவள் வயலினைக் கீழே வைப்பதாக இல்லை.

நாவல் தொடங்கும்போது இவர்கள் எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் குடிபெயரப் போகிறார்கள். தாய்க்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த அருமையான மேசை நாற்காலிகளைத் தந்தை விற்றுவிட்டார் என்பது முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்காக ஒரு சண்டைகூட இல்லை. நீண்ட மௌனம் ஒன்றுதான். பிறகு தந்தை முன்னால் போக, தாயும் பிள்ளைகளும் கோடையைப் பெண்ட்லண்ட் குன்றுகளில் ஒரு பண்ணைவீட்டில் கழிக்கிறார்கள். லண்டனில் வீடு பிடித்தாயிற்றா, வாடகை எவ்வளவு, எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர் கடிதம் போட வேண்டும். போடவில்லை. பிள்ளைகளுக்கு மலை விடுமுறை இனிக்கிறது. தாய்க்கு ஒவ்வொரு நாளும் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு வருமானமே இல்லை என்று சொல்ல முடியாது. எப்போது, எவ்வளவு வரும் என்பதும் வந்தது மிஞ்சுமா என்பதும்தான் ஒருபோதும் தெரியாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீடுகளில் ஒரு நோட்டு ஆணியில் தொங்கும். தேதி, கொழுந்தின் எடை, ஈரத்துக்கும் சாக்குக்கும் பிடித்த கழிவு, வாங்கிய முன்பணம் எல்லாம் அன்றன்றைக்கே எழுதப்பட்டிருக்கும். விலைக்கு விட்ட இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். பறித்த கொழுந்து ஏஜெண்ட் வண்டியில் ஏறி, ஃபேக்டரிக்குப் போய்த் தூளாகி, 1963இலிருந்து குன்னூரில் நடந்துவரும் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ, அதை ஒட்டித்தான் கிலோவுக்கு இவ்வளவு என்று பின்னால் தெரியவரும். உழைப்பு முன்னால் போய்விடும், கூலி பின்னால் வரும், எவ்வளவு என்று கேட்க வழியில்லை. 1991இல் சோவியத் யூனியன் சிதறிய பிறகு நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஒன்று ஆட்டம் கண்டது. 1990களின் இறுதியில் கொழுந்து விலை சரிந்தபோது பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று தோட்டத்தைக் காடாக விட்டவர்கள் உண்டு. அந்த வருஷங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்த மாதம் பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியுமா, சீட்டைத் தொடரலாமா, கல்யாணத்துக்கு வாக்குக் கொடுக்கலாமா என்று எதையும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உதகையின் இந்து நகரைத் தெரிந்தவர்களுக்கு வேறொரு முகம் நினைவுக்கு வரும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1996இல் நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் என்ற பொருளுக்கே தேவையில்லாமல் செய்துவிட்டது. வேதியியலும் இயந்திர நுட்பமும் கரைத்துக் குடித்த மனிதர்கள் வாழ்ந்த ஊர் அது. படிப்பும் புத்தகமும் நல்ல பேச்சும் இருந்து, பணம் மட்டும் நிச்சயமில்லாமல் போகும் வாழ்க்கை இந்த மலைக்குப் புதிதல்ல. ஆப்ரி குடும்பத்தின் வறுமையும் இந்த வகைதான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே குடும்பத்தை ஆட்டிவைத்தது எங்கோ நடந்த வியாபாரமும் மாறிய தொழில்நுட்பமும். அங்கே ஆட்டிவைப்பவர் அப்பா. அதனால்தான் அந்தப் பிள்ளைகளால் கோபப்படவும் முடியவில்லை, அவர்மீது உள்ள பாசத்தை விடவும் முடியவில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாகத் தந்தது. ஸ்காட்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டே தனிச்சட்டம் வந்திருந்தது. ஆக, நாவல் நடக்கும் காலத்தில் கிளேருக்கு ஏட்டில் உரிமை இருக்கிறது. வீட்டில் அது செல்லவில்லை. கணவர் விற்றுவிட்டு வந்து சொல்கிறார், அவ்வளவுதான். அவள் நீதிமன்றம் போகிற ஆள் இல்லை. வேறொரு வழியைப் பிடிக்கிறாள். பிள்ளைகளின் அறையில் மாட்டியிருக்கும் பழைய ஓவியங்கள் வெறும் நகல்கள், காசுக்கு ஆகாதவை என்று எல்லோரையும் நம்பவைக்கிறாள். உண்மையில் அவை பெரிய ஓவியர்களின் அசல்கள். கணவர் குடும்பத்தை விட்டு ஒரேயடியாகப் போன பிறகுதான் அதை வெளியே சொல்லி விற்று, பிள்ளைகளை நிமிரவைக்கிறாள். வருஷக்கணக்காக அந்தச் செல்வம் எல்லோர் கண்ணெதிரிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் ரூபாயை மறைத்துவைத்து அதிலேயே ஒரு மகளைக் கரையேற்றிய அம்மாக்களைப் போன்ற ஒருத்திதான் கிளேர். ரோஸ் அவளை உலகம் அறியாத, உடை கலைந்த, எதற்கும் பதறுகிற கலைஞராகக் காட்டிக்கொண்டே போகிறாள். வாசகர்களாகிய நாம் நாவலின் முடிவிலிருந்து திரும்பிப் பார்த்தால், அந்த வீட்டிலேயே பணவிஷயத்தில் மிகக் கெட்டிக்காரி அவள்தான்.

குடும்பத்தின் விசித்திரங்களை வெஸ்ட் அள்ளித் தருகிறார். காலிக் கொட்டிலில் பிள்ளைகள் இல்லாத குதிரைகளைத் தடவிக்கொடுக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குத் தந்தை கடையில் எதுவும் வாங்காமல் தன் கையாலேயே பொம்மை வீடுகள் செய்து தருகிறார். உறவுக்காரி ஒருத்தியின் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாத்திர பண்டங்களைத் தூக்கி எறிகிறது; கிளேரும் ரோஸும் அங்கே போய் நிற்கிறார்கள். வெஸ்ட் அதைக் கனவு, பிரமை என்று சொல்லி நழுவுவதில்லை. நடந்ததாகவே எழுதுகிறார். பேய்க்கதைக்கும் குடும்பக்கதைக்கும் நடுவே சுவர் வைக்காத இந்தத் துணிச்சல் நம் வாசகர்களுக்குச் சிரமமே தராது. குலதெய்வம் இறங்கிப் பேசியதை நேற்றைய மழையைப் போலச் சொல்லும் பாட்டிகளிடம் கதை கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

நாவலின் நடுவில் ஒரு கொலைவழக்கு வருகிறது. ரோஸின் பள்ளித் தோழியுடைய தாய், கணவனைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனைக்கு நிற்கிறாள். பியர்ஸ் ஆப்ரி தன் அறிவையும் பேனாவையும் திரட்டி அவள் உயிரைக் காப்பாற்றிவிடுகிறார். மளிகைக் கடன் தீர்க்காத அதே மனிதர்தான் இவர். அரசாங்கத்தோடு மோதி ஓர் உயிரை மீட்க அவரால் முடிகிறது, மாத வாடகையை எடுத்துவைக்க முடிவதில்லை. இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் வைத்து, இரண்டையுமே நம்பும்படி எழுதியிருப்பதுதான் இந்த நாவலின் பெரிய சாதனை என்பேன். மேதைமை என்றால் வீட்டையும் தாங்கும் என்றோ, வீட்டைத் தாங்காதவன் மேதையே அல்ல என்றோ வெஸ்ட் எளிதாக்கவில்லை.

பியானோ அந்த வீட்டில் ஏன் இத்தனை பெரிதாக நிற்கிறது? அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சம்பாதிக்கும் கதவுகள் குறைவு. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்ததே 1920இல்தான், கேம்பிரிட்ஜ் 1948இல். இசையில் மட்டும் நிலைமை வேறு. வாசிப்பு உயர்ந்த தரத்தில் இருந்தால் ஒரு பெண் உதவித்தொகை பெற்றுப் படித்து, மேடையேறிச் சொந்தமாகச் சம்பாதிக்கலாம். கிளேர் மேரியையும் ரோஸையும் தினமும் மணிக்கணக்கில் பியானோ முன்னால் உட்காரவைப்பதற்குக் கலைமீதுள்ள காதல் ஒரு காரணம். அப்பாவை நம்பி இருக்கக் கூடாது என்று பெண்களுக்குச் சொல்லாமல் சொல்லும் பாடமும் அதில் இருக்கிறது.

இனி கோர்டீலியா. அவளுக்குச் சுருதி சுத்தம் உண்டு, விரல்கள் ஓடுகின்றன, மேடையில் நின்றால் படம்போல இருக்கிறாள். அவள் வாசிப்பில் இசை மட்டும் இல்லை. இசைத்தொடரின் கடைசியில் இழுத்துக் குழைவது, கூட்டத்தைப் பார்த்து ஒரு பார்வை, கைதட்டலுக்கு ஏற்ற தலையசைப்பு என்று போகிறது. ஊரார் சொக்கிப்போகிறார்கள். தாய் முகம் சுளித்துத் துடிக்கிறாள். தங்கைகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மிஸ் பீவர் என்ற ஆசிரியை மட்டும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, சின்னச் சின்னக் கச்சேரிகளுக்கு அழைத்துப் போகிறாள். பணமும் கிடைக்கிறது. ரோஸ் இதையெல்லாம் சொல்லும் இடங்களில் நாவல் சிரிப்பும் எரிச்சலுமாகப் பொங்குகிறது. வாசிக்கிற நாமும் ரோஸ் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். கடைசியில் பெரிய வயலின் ஆசிரியர் ஒருவர் அவள் வாசிப்பைக் கேட்டுவிட்டு, இது தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அந்தப் பெண் நொறுங்கிப் போகிறாள்.

ரோஸின் குரலைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அந்த வீட்டைப் பாருங்கள். கிழிந்த திரைச்சீலையைப் பார்த்து வெட்கப்படுபவள் கோர்டீலியா. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பவள் அவள். அப்பா விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று பயந்து, தன்னால் ஏதாவது கொண்டுவர முடியாதா என்று துடிப்பவளும் அவளே. குடும்பத்தின் வறுமையை வறுமை என்று பெயர் சொல்லி உணர்ந்த குழந்தை அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு இசை என்ற கவசம் இருக்கிறது. நாம் வேறு மாதிரிப் பிறவிகள், நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அவர்களைக் காக்கிறது. அந்தக் கவசம் அவளுக்கு இல்லை. கவசம் இல்லாதவளின் பயத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். திறமைசாலிகள் நிறைந்த குடும்பத்தில் சாதாரணமாகப் பிறப்பது எத்தனை தனிமை என்று எழுத, அந்தச் சாதாரணப் பிள்ளையைச் சகிக்காத தங்கையின் வாயிலிருந்தே கதையைச் சொல்லவைத்திருக்கிறார் வெஸ்ட். இதை அவர் தெரிந்தே செய்தாரா என்பதில்தான் வாசகர்கள் இன்றும் இரண்டு பட்டு நிற்கிறார்கள். பாதி தெரிந்தும், பாதி தன்னை மீறியும் செய்தார் என்பது என் எண்ணம். அதற்கு அவர் வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது.

ரெபெக்கா வெஸ்ட் என்பது இப்சனின் நாடகப் பாத்திரம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயர். 1892இல் பிறந்த அவருடைய இயற்பெயர் சிசிலி இசபெல் ஃபேர்ஃபீல்ட். தந்தை சார்ல்ஸ் பத்திரிகையாளர். 1901இல் குடும்பத்தை விட்டுத் தொழில் தொடங்கப்போவதாகச் சியரா லியோனுக்குக் கிளம்பிப் போனார். இங்கிலாந்து திரும்பியும் வீட்டுக்கு வரவில்லை. 1906இல் லிவர்பூலில் தனியாக, கையில் காசில்லாமல் இறந்தார். தாய் இசபெல்லா பியானோ வாசிப்பவர். மூன்று பெண்களில் சிசிலி கடைசி. மூத்த அக்கா லெட்டீஷியாதான் கோர்டீலியாவுக்கு மூலம் என்று வெஸ்டின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த லெட்டீஷியா திறமையில்லாதவரா? உதவித்தொகையில் மருத்துவம் படித்து மருத்துவரானார். பிறகு சட்டமும் படித்து வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். லண்டன் மாநகர நிர்வாகத்தில் மூத்த மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார். தங்கை எழுதிய நாவலில் அவருக்குக் கிடைத்தது, கூட்டத்தை மயக்கும் ஒரு பொய் வயலின்.

இந்தத் தகவல் தெரிந்த பிறகு நாவல் எனக்கு இன்னும் பெரிதாகவே ஆனது. அப்பா இல்லாத வீட்டில் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொள்ளும் அக்கா, தங்கையின் கண்ணுக்கு எப்போதும் அதிகாரம் செய்பவளாகவே தெரிவாள். அறுபதை ஒட்டிய வயதில், உலகப் புகழ் பெற்ற பிறகும், வெஸ்டின் அந்தப் பழைய மனக்குறை ஆறவில்லை. ஆறாத அந்த இடத்திலிருந்துதான் இத்தனை உயிருள்ள பாத்திரம் பிறந்திருக்கிறது.

நமக்கும் இதில் பாடம் கேட்க ஒன்று உண்டு. புலமையும் வறுமையும் சேர்ந்தே இருக்கும் என்பது தமிழில் சங்க காலத்திலிருந்து வரும் பேச்சு. செல்லம்மாள் கடனாக வாங்கிவந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த சம்பவத்தைச் சொல்லாத மேடை இல்லை. சொல்கிறவர்கள் எல்லோரும் குருவியோடும் கவிஞனோடும் நின்றுவிடுகிறார்கள். அன்று மத்தியானம் அடுப்பில் என்ன வைப்பது என்று யோசித்தபடி நின்ற பெண்ணின் பக்கம் யாரும் போவதில்லை. நம் பழைய புலவர்கள் அங்கே போயிருக்கிறார்கள். புறநானூற்றின் 160ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், முதிர மலைத் தலைவன் குமணனிடம் பரிசில் கேட்கும்போது, தன் புலமையைப் பற்றிப் பேசுவதைவிட வீட்டைக் காட்டுவதே முக்கியம் என்று நினைக்கிறார். பாலில்லாத முலையைச் சுவைத்து ஏமாந்த பிள்ளை வெறும் பானைகளைத் திறந்து திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருது என்று பயங்காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். இருந்தும் அழுகை நிற்கவில்லை. தன் திறமைக்கு வீட்டார் கொடுக்கும் விலையை இவ்வளவு நேராகப் பார்த்த கவிஞர்கள் உலகிலேயே குறைவு. பியர்ஸ் ஆப்ரியால் செய்ய முடியாமல் போனதும் இதுதான்.

கோத்தகிரியில் என் பள்ளித் தோழி ஒருத்தி வீட்டுக்கு மூத்தவள். அவளுடைய அப்பா திருவிழாவுக்கு நாடகம் எழுதுவார், பாட்டுக் கட்டுவார், ஊரே கொண்டாடும். கொழுந்து நோட்டை எழுதியது அவள். விலை விழுந்த வருஷம் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தித் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். தம்பி தங்கைகள் கல்லூரிக்குப் போனார்கள். இன்று அவர்கள் கூடும்போது அப்பாவின் பாட்டுகளைப் பாடி உருகுகிறார்கள். “அக்காவுக்கு எப்பவும் கணக்குத்தான்” என்று அவளைக் கேலி செய்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். இந்த நாவலில் கோர்டீலியா வருகிற பக்கங்களை நான் படித்தது இவளை மனதில் வைத்துத்தான். அதனால் ரோஸ் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

குடும்பத்தை நாவலாக்குவது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதும் வெஸ்டுக்குத் தெரியும். எச்.ஜி.வெல்ஸுக்கும் அவருக்கும் 1914இல் பிறந்த மகன் ஆண்டனி வெஸ்ட், 1955இல் ‘ஹெரிட்டேஜ்’ என்ற நாவலில் தாயைக் கடுமையாகச் சித்திரித்தார். தாய் உயிரோடு இருந்தவரை அந்தப் புத்தகம் பிரிட்டனில் வெளிவர முடியாமல் பார்த்துக்கொண்டார். மகனின் நாவல் வெளிவந்த அடுத்த ஆண்டே அவருடைய இந்த நாவல் வருகிறது. மகன் தன்னை எழுதியது தாங்காத அதே தாய்தான் அக்காவை எழுதினார். அவருடைய எழுத்தை மிகவும் நேசிப்பவள் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். இரண்டு நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கோர்டீலியாவுக்கு நியாயம் கிடைக்கும்.

ஆப்ரி குடும்பத்தின் கதை இதோடு முடியவில்லை. வெஸ்ட் 1983இல் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற தொடர்ச்சிகள் ‘திஸ் ரியல் நைட்’ 1984இலும் ‘கசின் ரோஸமண்ட்’ 1985இலும் வெளிவந்தன. முதலாவதில் உலகப் போர் வருகிறது, ரிச்சர்ட் க்வின் அதில் இறக்கிறான். இரண்டாவது முழுமையாக எழுதி முடிக்கப்படாதது. அதற்கும் பின்னால் எழுத நினைத்த பகுதியை அவர் எழுதவே இல்லை. முதல் நாவலின் இறுக்கம் பின்வந்தவற்றில் இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்தை விட்டுப் பிரிய மனம் வராதவர்கள் அவற்றையும் தேடிப் படிப்பார்கள், எங்கள் கூட்டத்தில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.